ஊர் விலக்கில் போர்டு வைத்தால் பைக் விபத்து குறையுமா?

தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடையில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஊர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரே ஆண்டில், பெரிய ரோட்டிலிருந்து உங்கள் ஊருக்குப் பிரியும் விலக்கில் மூன்று இளைஞர்கள் பைக் விபத்தில் இறந்திருக்கிறார்கள். இளைஞர் மன்றத்தில் நாற்பதாயிரம் ரூபாய் சேர்ந்திருக்கிறது. இறந்தவர்களின் எண்ணிக்கையையும் படங்களையும் போட்டு விலக்கில் பெரிய போர்டு ஒன்று, ஜனவரியில் பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஹெல்மெட் பேரணி ஒன்று என்பது திட்டம். "விழிப்புணர்வுப் பிரசாரத்தால் விபத்து குறையும் என்பது உண்மையா, இல்லை எல்லாம் போட்டோவுக்குத்தானா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நாலாவது பையனும் போய்விடாமல் இருக்க அந்தப் பணத்தை எதில் போடலாம் என்பதே உங்கள் கேள்வியின் அடியில் கிடப்பது என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அந்தப் பதவியின் பெயர் எங்கள் பக்கத்தில் யார் வாயிலும் நுழையாது. 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்றால்தான் தெரியும். பணிக்காலத்தில் பெரும்பகுதி ராமநாதபுரம் கடற்கரையிலேயே கழிந்தது. விபத்தான வண்டியைக் காவல் நிலைய வளாகத்தில் போய்ப் பார்த்து, பிரேக், ஸ்டியரிங், டயர் எல்லாம் சோதித்து, இயந்திரக் கோளாறு காரணமா இல்லையா என்று சான்று கொடுப்பது ஒரு வேலை. ஜனவரியில் சாலைப் பாதுகாப்பு வாரம் நடத்துவது இன்னொரு வேலை. 2021-இல் அந்த வாரம் மாதமாக நீண்டது. இரண்டையும் செய்த ஆள் ஒருவன்தான் என்றாலும் இரண்டு கோப்புகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டதே கிடையாது. எத்தனை துண்டுப் பிரசுரம், எத்தனை மாணவர்கள், எத்தனை கிலோமீட்டர் பேரணி என்று எழுதி அனுப்புவோம். அதனால் விபத்து குறைந்ததா என்று கேட்கும் கட்டம் அந்தப் படிவத்தில் இருந்ததில்லை. யாரும் கேட்டதும் இல்லை, நானாகச் சொன்னதும் இல்லை.

ஐயத்துக்கு இடமில்லாத ஒன்றை முதலில் முடித்துவிடுவோம். ஹெல்மெட் உயிரைக் காக்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 61 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2008-இல் வெளியிட்ட மதிப்பாய்வின்படி, பைக் விபத்தில் சிக்கியவர்களில் ஹெல்மெட் அணிந்தவர் இறக்கும் வாய்ப்பு சுமார் 42 சதவீதமும், தலையில் அடிபடும் வாய்ப்பு சுமார் 69 சதவீதமும் குறைவு. 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் இறந்தவர்கள் 17,884. அதே ஆண்டில் நாடு முழுக்க ஹெல்மெட் இல்லாமல் இறந்தவர்கள் 50,029 என்கிறது மத்திய அரசின் அறிக்கை. இந்தக் கடைசி எண்ணை மட்டும் நான் கொஞ்சம் எட்ட நின்றுதான் பார்ப்பேன். விழும்போது கழன்று ஓடிய ஹெல்மெட்டும், போடாமலே வந்ததும் காகிதத்தில் ஒன்றாகிவிட வாய்ப்பு உண்டு. வார் மாட்டாமல் சும்மா கவிழ்த்துக்கொண்டு வந்தவர்களின் ஹெல்மெட்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒன்றில் கொக்கி உடைந்துபோய், அந்த இடத்தில் நைலான் வலை நூலால் முடிச்சுப் போட்டிருந்தது. வலை முடைகிற கை போட்ட அழகான முடிச்சு. அது அவிழவில்லை, வார்தான் தையலோடு பிய்ந்து வந்திருந்தது. 2021 ஜூன் முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்பதே குற்றம். ஆனாலும் ரோட்டோரத்தில் தர்ப்பூசணியைக் குவித்ததுபோல் குவித்துவைத்து விற்கத்தான் செய்கிறார்கள்.

பிரசாரத்தைப் பற்றிய ஆதாரம் இவ்வளவு தெளிவாக இல்லை. 2011-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, பல நாடுகளின் 67 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, சாலைப் பாதுகாப்புப் பிரசாரம் நடந்த இடங்களில் விபத்து சராசரியாக 9 சதவீதம் குறைந்தது என்று கணக்கிட்டது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. உள்ளே போய்ப் பார்த்தால், ஆளோடு ஆளாகப் பேசியவை, சாலையோரத்திலேயே சொல்லப்பட்டவை, குடித்துவிட்டு ஓட்டுவதைக் குறிவைத்தவை, கூடவே போலீஸ் சோதனையும் நடந்தவை ஆகியவையே அந்தச் சராசரியைத் தூக்கிப் பிடித்தன. அவற்றில் பெரும்பாலானவை கார் ஓடும் பணக்கார நாடுகளில் நடந்தவை என்பதையும் மறக்கக் கூடாது. பலன் தராத பிரசாரத்தைப் பற்றி யாரும் மெனக்கெட்டுக் கட்டுரை எழுதுவதும் குறைவு. அதனால் உண்மையான பலன் 9-க்குக் கீழேதான் இருக்கும் என்பது என் ஊகம், ஊகம் மட்டுமே. பைக் ஓட்டிகளுக்குப் பயிற்சி வகுப்பு எடுப்பதைப் பற்றி 2010-இல் வந்த காக்ரேன் மதிப்பாய்வோ, எந்தப் பயிற்சி பலன் தரும் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று கையை விரித்துவிட்டது.

போர்டு விஷயத்தில்தான் உங்களைத் தடுக்கப் பார்க்கிறேன். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், நெடுஞ்சாலை மின்பலகைகளில் 'இந்த ஆண்டு இதுவரை இத்தனை பேர் இறந்தனர்' என்று மாதத்துக்கு ஒரு வாரம் காட்டுவது வழக்கமாக இருந்தது. காட்டிய வாரங்களையும் காட்டாத வாரங்களையும் ஒப்பிட்டு இரண்டு ஆய்வாளர்கள் 2022-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். பலகையைத் தாண்டிய 10 கிலோமீட்டருக்குள் விபத்து 4.5 சதவீதம் கூடியிருந்தது. குறையவில்லை, கூடியிருந்தது. காட்டிய எண் பெரிதாக ஆக விளைவும் பெரிதானது. நெஞ்சை உலுக்கும் எண், ஓட்டுகிறவரின் கவனத்தை ரோட்டிலிருந்து பிடுங்கிக்கொள்கிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். டெக்சாஸ் வேறு, தேவிபட்டினம் வேறு. உங்கள் ஊரிலும் அப்படியே நடக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் குறுக்கே பைக் வருகிறதா என்று பார்க்க வேண்டிய அதே நொடியில், அதே இடத்தில், ஓட்டுகிறவரைப் படம் பார்க்கவும் எழுத்துப் படிக்கவும் கூப்பிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் பையன்களின் தாய்மார் பஸ் ஏற அந்த விலக்குக்குத்தானே வர வேண்டும்?

ஆளோடு ஆளாகப் பேசுவது என்று மேலே சொன்னேன். ஒரு ஜனவரியில் பாம்பன் பக்கம் விடியற்காலை ஏலம் முடிந்து, டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டியில் மீன் பெட்டி கட்டிப் புறப்பட்ட ஒருவரை நிறுத்தி, நோட்டீசைக் கொடுத்து, ஏன் ஹெல்மெட் போடவில்லை என்று கேட்டேன். அவர் கை ஈரத்தில் நோட்டீஸ் அங்கேயே ஊறிப்போனது. "ஐயா, இதை மாட்டிக்கொண்டு தெருவில் நான் எப்படிக் கூவுவது? என் சத்தம் எனக்கே காதை அடைக்கும். வீட்டுப் பெண்கள் கூப்பிடுவதும் கேட்காது" என்றார். எத்தனையோ ஜனவரிகளில் நாங்கள் அச்சடித்த எந்த நோட்டீசிலும் இதற்குப் பதில் இருந்ததில்லை. ஹெல்மெட் போடாதவனுக்கு உயிரின் அருமை தெரியாது என்ற நினைப்பிலேயே எல்லாவற்றையும் எழுதியிருந்தோம். கடலுக்குப் போகிறவர் வீட்டில் பிறந்தவருக்கு உயிரின் அருமையை நாங்கள் சொல்லிக் கொடுக்கவா வேண்டும்? பாலம், மண்டபம், பெரிய ரோடு எல்லாம் முடிந்து முதல் தெரு வரும்வரை போட்டுக்கொள்ளுங்கள், தெருவில் வண்டியை நிறுத்திக் கூவும்போது கழற்றிப் பெட்டி மேல் மாட்டுங்கள் என்றேன். காக்கிச் சட்டை போட்டவன் அப்படிச் சொல்லலாமா என்றால் சொல்லக் கூடாதுதான். பிறகு இரண்டு முறை அவரைப் பாலத்தில் ஹெல்மெட்டோடு பார்த்தேன். ஓர் ஆளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்பதும் தெரியும்.

இப்போது, பேரணிகள் ஒருபோதும் பேசாத பகுதி. பைக் ஓட்டுகிறவனைத் திருத்தினால் போதும் என்று நாம் நினைக்கிறோம். 1981-இல் வெளியான, லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 900 பைக் விபத்துகளை இடத்துக்கே போய் ஆராய்ந்த ஹர்ட் அறிக்கையில், சுமார் முக்கால்வாசி விபத்துகள் வேறொரு வண்டியோடு மோதியவை. அவற்றிலும் மூன்றில் இரண்டு பங்கில், பைக்குக்கு வழிவிட வேண்டிய மற்ற வண்டிக்காரர் வழிவிடாமல் குறுக்கே வந்திருந்தார். பழைய ஆய்வுதான், வேறு நாடுதான். ஆனால் அதைப் படித்தபோது கடற்கரைச் சாலை விலக்கு ஒன்றில் நடந்த விபத்து நினைவுக்கு வந்தது. மீன் ஏற்ற வந்த வேன், கடற்கரைப் பாதைக்குள் போக வலப்பக்கம் திரும்பியிருக்கிறது. எதிரே வந்த பைக் அதன் பக்கவாட்டில் போய் இடித்தது. காவல் நிலையத்தில் அந்த டிரைவர், "பார்த்துவிட்டுத்தான் திருப்பினேன், வண்டி எதுவும் இல்லை" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். பைக்கின் முன்விளக்கு நொறுங்கியிருந்தது. சுவிட்ச் எரியும் நிலையில் இருந்தது. பொய் சொல்கிறார் என்றே அன்று நினைத்தேன். இன்று அப்படி நினைக்கவில்லை. லாரியும் பஸ்ஸும் வருகிறதா என்று தேடும் கண், ஒல்லியான ஒற்றை உருவத்தைப் பார்த்தும் பதிவு செய்யாமல் விடுவது உண்டு. பதிவு செய்தாலும், சின்ன உருவம் தூரத்தில் மெதுவாக வருவதுபோல் தோன்றும். வேனின் முன்கண்ணாடி ஓரத்துத் தூண் ஒரு பைக்கை முழுசாக மறைக்கும். நான் சான்றிதழில் எழுதியதோ 'இயந்திரக் கோளாறு காரணமல்ல' என்ற ஒரே வரி. படிவம் அவ்வளவுதான் கேட்டது.

ஆகவே கண்ணில் படுவது பெரிய விஷயம். மலேசியாவில் 1992-இல் பைக்குகள் பகலிலும் முன்விளக்கு எரியவிட வேண்டும் என்று விதி கொண்டுவந்தபோது, கண்ணில் படாததால் நேரும் வகை விபத்துகள் சுமார் 29 சதவீதம் குறைந்ததாக அங்கே ஆய்ந்தவர்கள் எழுதினார்கள். இந்தியாவில் 2017 ஏப்ரல் முதல் புது பைக்குகளில் விளக்கு தானாகவே எரிகிறது. விளக்கு எரிகிறது என்று எதிரே வருகிறவர் கைவிரலை மடக்கி மடக்கிச் சைகை காட்டிய காலம் நினைவிருக்கிறதா? நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடந்த ஓர் ஆய்வில், ஒளி திருப்பும் உடை அணிந்தவர்களுக்கு விபத்துக் காய ஆபத்து 37 சதவீதமும், கறுப்பு ஹெல்மெட்டோடு ஒப்பிட்டால் வெள்ளை ஹெல்மெட் அணிந்தவர்களுக்கு 24 சதவீதமும் குறைவாக இருந்தது. அப்படி உடுத்துகிறவர்கள் இயல்பிலேயே நிதானமானவர்களாக இருக்கலாம் என்ற சந்தேகம் எனக்கு உண்டு. இருந்தாலும் இருபது ரூபாய் ஒளிரும் ஸ்டிக்கரை மீன் பெட்டியின் பின்னால் ஒட்டுவதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

உங்கள் பேரணி யார் காதில் விழும் என்பதையும் யோசியுங்கள். உங்கள் ஊர்ப் பையன்கள் கேட்பார்கள். ராமேஸ்வரத்தில் அதிகாலைத் தீர்த்தமாட வேண்டும் என்று இரவெல்லாம் கண் விழித்து ஓட்டி வரும் வேன் டிரைவர் கேட்க மாட்டார். உங்கள் ஊர் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. அவரிடம் பேசக்கூடியது ரோடு மட்டும்தான்: வேகத்தடுப்பு, முன்கூட்டியே எச்சரிக்கும் ஒளிரும் பலகை, விலக்கில் ஒரு விளக்கு, மறைப்பில்லாத பார்வை. நம் பக்கத்தில் அந்தப் பார்வையைக் கெடுப்பது சீமைக் கருவேலம். தார் விளிம்புவரை வந்து கவிந்து நிற்கும். மணிக்கு 60 கிலோமீட்டரில் வருகிறவர் ஒன்றைக் கண்டு, சுதாரித்து, நிறுத்த 80 மீட்டர் பார்வைத் தூரம் வேண்டும் என்பது இந்தியச் சாலைப் பொறியியல் கணக்கு. 80 கிலோமீட்டர் வேகமென்றால் 120 மீட்டர். கருவேலம் பாதி மூடிய விலக்கில் முப்பது மீட்டர் தெரிந்தால் அதிகம். இதோடு காற்றில் வந்து படியும் மணல், மீன் லாரி வடித்துக்கொண்டு போகும் தண்ணீர், இரவில் தார்ச் சூட்டுக்காக நடுரோட்டில் படுத்திருக்கும் ஆடுமாடுகள் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் விலக்கை நான் பார்த்ததில்லை. மூன்று விபத்தும் ஒரே காரணத்தால் நடந்தனவா என்று இங்கிருந்து சொல்ல முடியாது. மூன்றின் முதல் தகவல் அறிக்கையையும் வாங்கி, நேரம், திசை, எதிர் வண்டி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மூன்றும் இரவு, மூன்றும் வலப்பக்கத் திருப்பம் என்று வந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது.

ஹெல்மெட்டைப் பொறுத்தவரை, பிரசாரம் எப்போது வேலை செய்கிறது என்பதற்கு வியட்நாம் நல்ல சான்று. அங்கே 2007 டிசம்பர் 15 முதல் எல்லாச் சாலைகளிலும் கட்டாயமாக்கினார்கள். முன்கூட்டியே தேதி சொல்லி ஊரெல்லாம் பரப்பினார்கள், அபராதத்தைக் கூட்டினார்கள், அன்றைக்கே பிடிக்கவும் தொடங்கினார்கள். பாதிப் பேருக்கும் குறைவாகவே அணிந்துவந்த நிலை மாறி 90 சதவீதத்துக்கு மேல் போனது. அடுத்த மூன்று மாதத்தில் மருத்துவமனைகளுக்கு வந்த சாலை விபத்துத் தலைக்காயங்களில் 16 சதவீதமும், இறப்புகளில் 18 சதவீதமும் குறைந்தன. நாமும் பார்த்தோமே: 2015 ஜூலை 1 முதல் கட்டாயம் என்று சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு வந்தபோது கடைகளில் ஹெல்மெட்டே கிடைக்கவில்லை. சில மாதங்களில் சோதனை தளர்ந்தது, ஹெல்மெட் தலையிலிருந்து கைப்பிடிக்கு இறங்கியது, பிறகு பரணுக்கு ஏறியது. 2022 அக்டோபர் முதல் அபராதம் ஆயிரம் ரூபாய். தொகையைவிட, நாளைக்கும் அந்த இடத்தில் போலீஸ் நிற்பார் என்ற எண்ணம்தான் வேலை செய்கிறது என்பது என் அனுபவம். பேரணியை மட்டும் தனியாக நடத்தினால், இனிமேல் பிடிக்கப் போகிறார்கள் என்று சொல்ல ஆளில்லாத தண்டோராவாகத்தான் இருக்கும்.

என்ன செய்தாலும் முன்னும் பின்னும் எண்ணுங்கள். சாவை எண்ணாதீர்கள். மூன்று பேர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு, ஒன்றுமே செய்யாவிட்டாலும் எண்ணிக்கை குறைய வாய்ப்பு அதிகம். அந்தக் குறைவைத் தன் பேரணியின் சாதனை என்று எழுதிக்கொண்டவர்களில் நானும் ஒருவன். ஹெல்மெட்டை எண்ணுங்கள். விலக்கு டீக்கடையில் இரண்டு பேர் உட்கார்ந்து, போலீஸ் சோதனை இல்லாத ஒரு நாளில், இருநூறு பைக்குகளில் எத்தனை பேர் வார் மாட்டிய ஹெல்மெட்டோடு போகிறார்கள் என்று குறியுங்கள். பின்னால் உட்கார்ந்திருப்பவரைத் தனியாகக் குறியுங்கள். அதே கிழமை, அதே நேரம், இரண்டு வாரம் கழித்து ஒரு முறை, மூன்று மாதம் கழித்து ஒரு முறை. மூன்றாவது எண்தான் உண்மை பேசும்.

பணத்துக்கு வருகிறேன், தம்பி. தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டர் நீளத்துக்குள் மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ கொடுங்காயமோ நேர்ந்த விபத்து ஐந்து நடந்திருந்தால், அல்லது பத்துப் பேர் இறந்திருந்தால், அது விபத்துக் கரும்புள்ளி. உங்கள் விலக்கில் மூன்று சாவு இருக்கிறது. கை கால் முறிந்து பிழைத்தவர்களையும் சேர்த்தால் ஐந்து வந்துவிடக்கூடும். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போங்கள். மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு கலெக்டர் தலைமையில்தான் கூடுகிறது. விளக்கும் வேகத்தடுப்பும் அவர்கள் செய்ய வேண்டிய செலவு. உங்கள் நாற்பதாயிரத்தை அதில் போடாதீர்கள். ஒரு பகுதியில் முத்திரையுள்ள, வெளிர் நிற ஹெல்மெட்டுகளை மொத்தமாக வாங்கிப் பாதி விலைக்குக் கொடுங்கள். இலவசமாகக் கொடுத்தால் வண்டியில் தொங்கும், தலைக்கு வராது. இன்னொரு பகுதியில் ஒளிரும் ஸ்டிக்கர். பேரணியை நடத்தத்தான் வேண்டும் என்றால், உள்ளூர்க் காவல் நிலையத்தோடு பேசி, சோதனை தொடங்கும் வாரத்தில் நடத்துங்கள். வெயிலில் பிள்ளைகளை நடக்கவிடுவதைவிட, ஏலம் முடியும் நேரத்தில் நாலு பேர் போய் மீன்காரர்களோடு பேசுவது மேல். அடிபட்டவரைத் தூக்கினால் கேஸில் மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தையும் அங்கேயே போக்குங்கள்: உதவுகிறவருக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது, முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 2021 டிசம்பரிலிருந்து மாநில அரசின் திட்டம் இருக்கிறது, 108-ஐ அழைத்தால் போதும்.

மிச்சப் பணத்தில் ஒரு ஜேசிபியை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, நெடுஞ்சாலைத் துறையில் எழுத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, விலக்கின் இரண்டு பக்கமும் கருவேலத்தை அகற்றுங்கள். அரிவாளால் தரைமட்டமாக வெட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். அடிக்கட்டை நின்றால் அடுத்த மழைக்கு முன்னைவிட அடர்த்தியாகத் தளிர்த்துவிடும். வேரோடு பிடுங்கச் சொல்லுங்கள்.